நீராயி பிள்ளைகளுக்கு ஐந்து மாமன்

அந்தக் காலத்தில் மலைக்கும் வாய் இருந்தது, நண்டுக்கும் வாய் இருந்தது. கல்லுக்குள் கிடக்கிற பொன்னும் இரும்பும்கூட எழுந்து நடந்து, சொந்தபந்தம் என்று நாலு வீட்டுக்குப் போய்வந்து இருந்த காலம்.

மலையம்மாள் என்று ஒரு மலை இருந்தாள். அவள் பிள்ளைகளில் மூத்தவன் பொன்னன், அடுத்தவன் வெள்ளியன், அதற்கடுத்தவன் செம்பன், நாலாவது இரும்பன். நாலும் ஆணாய்ப் பிறந்த பிறகு ஒரு பெண் பிறந்தாள். அவள்தான் தண்ணீர். நீராயி என்று பேர் வைத்தார்கள். ஆறாவதாக ஒருவன் வயிற்றில் இருக்கும்போதே மலையம்மாளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. பிள்ளை பிறந்தது. மலை வெடித்தது. தாய் போய்விட்டாள்.

பொன்னன் அந்தப் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"ஆத்தாளைத் தின்னுட்டுப் பொறந்தது. கொண்டுபோய் உவர்மண்ணுல போட்டுட்டு வாங்க" என்றான்.

மூத்தவன் சொல்லை யார் தட்டுவது? கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள்.

நீராயி அப்போது சின்னப் பெண். இடுப்பில் பிள்ளை நிற்காத வயது. பிள்ளை அழுகிற சத்தம் கேட்கக் கேட்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யாருக்கும் தெரியாமல் உவர்க்காட்டுக்குப் போனாள். வெண்ணெய் மாதிரி மெத்தென்று ஒரு பிள்ளை கிடந்தது. நகம் பட்டாலே பள்ளம் விழும் உடம்பு. தூக்கலாம் என்று கையை நீட்டினாள். விரல் பட்டதுதான் தாமதம், உஸ்ஸென்று புகை வந்தது. பிள்ளை வீறிட்டது. அவள் பட்ட இடத்தில் தோல் பொசுங்கிப் போயிருந்தது.

அவள் பயந்து நாலடி தள்ளி நின்றாள். போய்விடலாமா என்று திரும்பினாள். பிள்ளை அழுதது. எதிரே இலுப்பை மரம் ஒன்று நின்றது. அதுதான் சொன்னது.

"என் கொட்டையை நசுக்கி எண்ணெய் எடுத்துத் தடவும்மா. எண்ணெய்க்கும் உனக்கும்தான் ஒட்டாதே. நடுவுல அது இருந்தா நீ தூக்கலாம்."

அப்படியே செய்தாள். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரைக்கும் எண்ணெய் பூசித் தூக்கினாள். புகை வரவில்லை. பிள்ளை அவள் தோளில் முகத்தை வைத்துத் தூங்கிப்போனது. உவர்மண்ணில் கிடந்ததால் உவரன் என்று அவளே பேர் வைத்தாள். வீட்டுக்குத் தூக்கிவந்தபோது அண்ணன்மார் திட்டினார்கள், அவள் கீழே இறக்காததால் விட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் எண்ணெய். அவன் வளர்ந்த பிறகும் விடவில்லை. "எதுக்குக்கா எனக்கு மட்டும் எண்ணெய்?" என்று கேட்பான்.

"உனக்குச் சூட்டு உடம்புடா. எண்ணெய் இல்லாம இருக்கக் கூடாது" என்பாள்.

என் கை பட்டால் நீ எரிந்துபோவாய் என்று, தான் வளர்த்த பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டாள். அண்ணன்மாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி உவர்மண்ணுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம்.

வயது வந்ததும் நீராயியைக் காற்றுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் ஒரு இடத்தில் தங்குகிறவனா? ஆறு மாதம் இருந்தான், ஒரு நாள் போனான், வரவில்லை. அவன் போனபோது அவள் வயிற்றில் இரண்டு பிள்ளைகள்.

பிரசவம் பார்க்க நண்டு வந்தாள். பெண் ஒன்று, ஆண் ஒன்று. நண்டு பிள்ளைகளைக் கையில் வாங்கியதுமே திகைத்துப்போனாள்.

"ஆத்தா, இதுங்க அப்பனைக் கொண்டு பொறந்திருக்குதுங்க. கனமே இல்ல. இடுப்பை விட்டு இறக்கினா மேல போயிடும், அப்புறம் எட்டாது. நெருப்புக்கிட்ட மட்டும் கொண்டுபோயிடாத. பஞ்சாவது நின்னு எரியும். இதுங்க நிக்காது."

நீராயி பயந்துபோய் முந்தானையை இரண்டாகக் கிழித்துப் பிள்ளைகளின் அரையில் முடிந்து, தன் இடுப்போடு கட்டிக்கொண்டாள். குளித்தாலும் தூங்கினாலும் அந்த முடிச்சை அவிழ்த்ததில்லை. சமைக்கிறதையே விட்டுவிட்டாள். அடுப்பே மூட்டுவதில்லை. உவரன்தான் வெளியில் சமைத்து, ஆறவைத்துக் கொண்டுவந்து கொடுப்பான்.

அவன் ஒருவனிடம்தான் அவள் பிள்ளைகளைக் கொடுப்பாள். முடிச்சு அவள் இடுப்பில் இருக்கும், பிள்ளைகள் அவன் மடியில் இருக்கும். எண்ணெய்க் கையால் உள்ளங்காலைத் தேய்த்துவிடுவான். இரண்டும் சிரிக்கும். "மாமன் கை வழவழங்குதா? பிடிங்க பார்ப்போம், பிடிங்க பார்ப்போம்" என்று விரலைக் கொடுத்து இழுப்பான்.

பத்து மாதம் இப்படிப் போனது.

காற்றின் தங்கை புழுதி. நீராயிக்கு நாத்தனார். அவள் ஒரு நாள் வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன மதினி, வீடெல்லாம் ஒரே ஈரம். காலை வச்சா ஒட்டிக்குது."

"உள்ள வாங்க. உட்காருங்க."

"உட்காரவா வந்தேன்? ஊர்ல ஒவ்வொருத்தியும் என்னைக் கேக்குறா. அஞ்சு பேரோட பொறந்தவன்னுதானே எங்கண்ணனுக்குக் கட்டினோம். வருஷம் திரும்பப் போகுது, பிள்ளைங்க மூளிக் காதோட இருக்குதுங்க. பேரும் வைக்கல. மாமன் மடி இல்லையா, மாமனே இல்லையா?"

"மடியில உட்கார வைக்கணும்னா இடுப்பை விட்டு இறக்கணுமே. நண்டு கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"நண்டு சொன்னாளாம்! நேரா நடக்கத் தெரியாதவ பேச்சைக் கேட்டுப் பிள்ளை வளர்க்கிறா. இதோ பாரு மதினி, காது குத்தாத பிள்ளை எங்க குலத்துல சேராது. எங்கண்ணன் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

அவன் வருவான் என்ற பேச்சைக் கேட்டதும் நீராயி அடங்கிப்போனாள். முடிச்சை அவிழ்க்காமல், ஒட்டி உட்கார்ந்துகொண்டு, குத்துகிற நேரத்துக்கு மட்டும் மடியில் வைத்து எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். நாள் பார்த்தார்கள். காது குத்த மீன்கொத்தியைச் சொன்னார்கள்.

அண்ணன்மாருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளையும் கட்டிக்கொண்டு, தட்டை ஏந்திக்கொண்டு மலை ஏறினாள். அடிவாரத்தில் இரும்பன் வீடு. நடுவில் செம்பன் வீடு. அதற்கு மேலே வெள்ளியன். உச்சிப் பாறைக்குள் ஒடுக்கமாய் ஒரு பிளவு இருக்கும், அதற்குள் பொன்னன் வீடு. ஏறுகிற வழியில் ஒவ்வொரு வாசலாக வைத்துக்கொண்டே போனாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. முறையைப் பற்றி நினைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

பொன்னன் வாசலுக்கு வருவதற்குள் அவனுக்குச் சேதி போய்விட்டது.

"வாம்மா. மூணு வாசல் மிதிச்சு மிச்சம் இருந்த பாக்கைக் கொண்டாந்தியா?"

"வழியில இருந்த வீடுண்ணே. பிள்ளைங்களைத் தூக்கிட்டு ஒரே ஏத்தம்…"

"வழியில இருந்தா தாண்டி வரணும். மூத்தவன் வீட்டுல முதல்ல வச்சுட்டு, இறங்கும்போது மத்தவனுக்கு வச்சிருக்கணும். இரும்பன் வாசல்ல முதல் பாக்கு. எனக்குக் கடைசிப் பாக்கு. அப்படித்தானே?"

"தப்புதாண்ணே. காலில விழறேன்."

"விழாத. தரை ஈரமாவுது."

அவள் தட்டை வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் அவன் முகத்தைப் பார்த்துக் கையை ஆட்டின. அவ்வளவு மினுமினுப்பை அவை பார்த்ததில்லை.

"தோடு கொடுத்தனுப்புறேன். ஊர் மெச்சுற மாதிரி அனுப்புறேன். மடி வராது" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான்.

அவள் அழுதுகொண்டே இறங்கினாள். அவள் அழுத வழிதான் இப்போதும் மலையில் ஓடையாகத் தெரிகிறது என்பார்கள்.

காது குத்துகிற நாள் வந்தது. ஆற்றங்கரையில் கோரைப்பந்தல் போட்டு, சுற்றிலும் தென்னங்குருத்து கட்டியிருந்தார்கள். நெருப்பு ஆகாது என்று நீராயி சொல்லிவிட்டதால், குத்துவிளக்கில் எண்ணெய் மட்டும் ஊற்றித் திரி போடாமல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் எண்ணெய்ப் பானையும் இருந்தது. அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள்.

உவரனுக்கு விடியற்காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. பந்தக்காலை ஊன்றினான், பாயை விரித்தான். உடம்பில் எண்ணெய் வழிந்தது. வெள்ளியன் வந்ததும் வராததுமாய் முகத்தைச் சுளித்தான்.

"யாருப்பா இது, வடைச் சட்டியில இருந்து எழுந்து வந்தவன்? தள்ளி நில்லுடா. பட்டுல கறை படும்."

நாலு பேர் சிரித்தார்கள். உவரனும் சிரித்தான். ஆனாலும் பந்தலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

இரும்பன் அதைப் பார்த்தான். நாலு அண்ணன்மாரில் கொஞ்சம் ஈரமுள்ளவன் அவன்தான். அவனுக்குத் தம்பி மேல் பிரியம் உண்டு, முறையின் மேலும் பிரியம் உண்டு. பக்கத்தில் போனான்.

"டேய் உவரா, இங்க வா. என்ன கோலம் இது?"

"என்னண்ணே?"

"எண்ணெய்த் தலையோட ஒரு நல்ல காரியத்துல நிக்கலாமா? அது யாருக்கு ஆகாதுன்னு தெரியுமா? உனக்கில்ல. பிள்ளைங்களுக்குத்தான் ஆகாது."

உவரன் முகம் சுண்டிப்போனது. "பிள்ளைங்களுக்கா?"

"ஆமாடா. துக்கம் சொல்ல வரவன்தான் எண்ணெய்த் தலையோட வருவான். நல்ல காரியத்துக்கு வர முகமா இது?"

"எண்ணெய் இல்லாம இருக்காதேன்னு அக்கா சொல்லுமேண்ணே."

"மத்த நாளைக்குச் சொல்லியிருக்கும். சூட்டு உடம்புக்குத்தானே? ஒரு நாள் கொஞ்சம் சூடு ஏறினா என்ன, செத்தா போயிடுவ? வா, நானே தேய்ச்சுவிடுறேன்."

உவரன் அக்காவைக் கேட்டுவிட்டு வரலாமா என்று திரும்பிப் பார்த்தான். நீராயி புழுதிக்குப் பதில் சொல்லிக்கொண்டு இருந்தாள். பிள்ளைங்களுக்கு ஆகாது என்ற பேச்சு அவன் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. போனான்.

இரும்பன் வீட்டில் அரிசித்தவிடு இருந்தது. முதுகு, கை, கால் என்று தவிட்டைப் போட்டு அழுத்தித் தேய்த்து, துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தான். வருஷக்கணக்காய் ஊறின எண்ணெய் அது. தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் எல்லாம் போனதும் இரும்பனே அசந்துபோனான். உள்ளே வெள்ளியனைவிடப் பளபளப்பாய் ஒரு உடம்பு இருந்தது.

"அடேய், இவ்வளவு அழகனாடா நீ!" என்றான். தன் பெட்டியிலிருந்து புது வேட்டியை எடுத்துக் கட்டிவிட்டான்.

உவரன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அவன் உடம்பை அவனே பார்த்தது அன்றைக்குத்தான்.

பந்தலில் சண்டை தொடங்கியிருந்தது. பொன்னன் வரவில்லை. பெட்டியில் இரண்டு சோடித் தோடு மட்டும் வந்திருந்தது.

"பெரியவரு இல்லன்னா அடுத்தவன் நான். என் மடிதான்" என்றான் வெள்ளியன்.

"என்னிக்கு நீ பிள்ளையைத் தூக்கின? வேட்டி கசங்கும்னு சம்மணமே போட மாட்ட" என்றான் செம்பன்.

"உன்கிட்ட புளிப்பு வாடை அடிக்குது. பிள்ளை வாந்தி எடுக்கும்."

"எடுக்கட்டும். மருமக வாந்தியை மாமன் துடைப்பான். உனக்கு அது தெரியுமா?"

"ஏன், தங்கச்சிக்கு நீ சீர் செஞ்ச லட்சணம் ஊருக்கே தெரியுமே!"

பேச்சு எங்கெங்கோ போனது. பிள்ளைகள் பசியில் சிணுங்கின. மீன்கொத்தி பந்தக்கால் மேல் உட்கார்ந்து அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"யாரு மடின்னு சீக்கிரம் சொல்லுங்கப்பா. நல்ல நேரம் போகப்போகுது. எனக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்கு."

"நல்ல மாமன்மாரு! எங்கண்ணன் ஒண்டியா வந்தாலும் பந்தலை இதுக்குள்ள தூக்கிட்டுப் போயிருப்பான்" என்று புழுதி எழுந்து சுழன்றாள்.

நீராயி அதிகம் பேசாதவள். அன்றைக்குப் பேசினாள்.

"என் பிள்ளைங்களை யாரு தெனமும் தூக்கினதோ, அவன் மடியில உட்காரட்டும். உவரா, வாடா."

உவரன் பின்னாலிருந்து வந்தான்.

"எனக்கா அக்கா?"

"உனக்குத்தான்டா. நீதானே என் மூத்த பிள்ளை. உட்காரு."

அவள் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. அந்தக் கண்ணுக்குப் பந்தலே மங்கலாய்த்தான் தெரிந்தது. எதிரே தம்பி பளபளவென்று நிற்பது தெரிந்தது. புது வேட்டி கட்டியிருக்கிறான், அதுதான் இந்த வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டாள். உவர்மண்ணில் கிடந்தவனுக்கு இன்றைக்குச் சபையில் மணை கிடைத்திருக்கிறதே என்று அவளுக்கு அழுகை அழுகையாய் வந்தது.

உவரன் மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். இரும்பன் பக்கத்தில் நின்று, "குத்தும்போது மடி ஆடக் கூடாது. ஆடினா காது கிழிஞ்சுடும். கெட்டியா உட்காரு" என்று சொல்லிக்கொடுத்தான்.

நீராயி முடிச்சோடு பெண்பிள்ளையை முதலில் மடியில் வைத்தாள். ஆண்பிள்ளை இன்னும் இடுப்பில் இருந்தது. அவள் குனிந்தபோது கண்ணீர் ஒரு சொட்டு உவரன் முழங்காலில் விழுந்தது.

உஸ்ஸென்று சத்தம் கேட்டது. தாழம்பூ நுனி அளவு புகை எழுந்தது. உவரனுக்கு உயிர் போகிற வலி. ஆனால் மடி ஆடக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தான்.

அந்தச் சத்தம் நீராயிக்குத் தெரியும். உவர்க்காட்டில் கேட்ட அதே சத்தம். பிள்ளையைத் தூக்க இரண்டு கையையும் நீட்டினாள். கை அவன் மடியில் பட்டது.

மடி பற்றியது. மஞ்சளாய் ஒரு நெருப்பு.

அப்போதாவது அவன் எழுந்து ஓடியிருக்கலாம். ஓடினால் தப்பித்திருப்பார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் வலி எடுத்தால் அவன் சின்ன வயதிலிருந்து ஒன்றுதான் செய்வான். "அக்கா!" என்று கத்திக்கொண்டு அவளைக் கட்டிப்பிடித்தான்.

டப்பென்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. பெண்பிள்ளை இருந்த இடத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, போனது. சாம்பல்கூட இல்லை.

முந்தானை முடிச்சு வெந்து அறுந்தது. ஆண்பிள்ளை இடுப்பை விட்டு எழும்பியது. அதற்குப் பயமே இல்லை. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே மேலே போனது. நீராயி எட்டினாள். விரல் நுனி அதன் காலில் பட்டு வழுக்கியது. மீன்கொத்தி பாய்ந்து பறந்தது, மூச்சு முட்டுமட்டும் பறந்தது. பிள்ளை கடுகளவு ஆனது. அப்புறம் அதுவும் இல்லை.

உவரன் அவள் மேலேயே எரிந்துகொண்டு இங்கும் அங்கும் ஓடினான். உருண்டையாய்ச் சுருண்டு, உஸ்ஸென்று சீறிக்கொண்டு, "அக்கா, விடுக்கா, விடுக்கா" என்று கத்திக்கொண்டு ஓடினான். அவள் எங்கே பிடித்திருந்தாள்? எங்கே ஓடினாலும் அவள்தான் இருந்தாள். ஓட ஓடக் குறைந்தான். பூசணி அளவு இருந்தவன் எலுமிச்சை அளவானான், பட்டாணி அளவானான்.

இரும்பன்தான் பாய்ந்தான். கை வெந்தாலும் வேகட்டும் என்று அந்தப் பட்டாணியை அள்ளி, விளக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெய்ப் பானைக்குள் போட்டான். சீறல் நின்றது. மிஞ்சினது அவ்வளவுதான். அந்த உவரன் வழியில் வந்தவனைத்தான் பள்ளிக்கூடத்தில் சோடியம் என்கிறார்கள். இப்போதும் கண்ணாடிப் புட்டியில் மண்ணெண்ணெய்க்குள் முக்கித்தான் வைத்திருக்கிறார்கள். கத்தியால் அறுத்தால் உள்ளே வெள்ளியைவிடப் பளபளப்பான் என்றும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் பதறி ஓடுவான் என்றும் பிள்ளைகள் வந்து சொல்லும்.

பந்தல் காலியானது. புழுதி ஒரு மூலையில் சேறாய்க் கிடந்தாள். அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை.

துக்க வீட்டில் தாயை ஒண்டியாய் விடக் கூடாது. கூடப்பிறந்தவர் ஒருவராவது பதினாறு நாள் அவளை ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் உவரன் கரைந்து கலந்ததில் நீராயியின் உடம்பு அன்றைக்கு வழவழவென்று காரமாகிக் கிடந்தது. தொட்டவர் கையெல்லாம் எரிந்தது. தவளை, மீன், கொக்கு எல்லாம் கரைக்குப் போய் நின்றன.

வெள்ளியன் பட்டை உதறிக்கொண்டு எழுந்தான். "எனக்கு வீட்டுல வேலை இருக்கு. சொல்லி அனுப்புங்க, வரேன்" என்று போய்விட்டான். தண்ணீர் அவனை ஒன்றும் செய்யவில்லை. ஆனால், மடிக்குச் சண்டை போட்டவன் துக்கத்துக்கு உட்காரவில்லை என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சு காற்றில் வந்து வந்து பட்டு அவன் முகம் கறுத்தது. இன்றைக்கும் வெள்ளிக் கொலுசு சும்மா பெட்டியில் இருந்தாலே கறுத்துப்போகும்.

செம்பன் உள்ளே வர அஞ்சி வாசற்படியில் உட்கார்ந்தான். அழுதான். சாரல் மேலே பட்டுக்கொண்டே இருந்தது. சில நாள் கழித்து எழுந்து போகும்போது அவன் உடம்பில் பச்சையாய்க் களிம்பு ஏறியிருந்தது. புளி போட்டுத் தேய்த்தால் போகும். ஈர வாசலில் உட்கார்ந்தால் மறுபடி வரும்.

மூன்றாம் நாள் பொன்னன் வந்தான். வந்தான் என்பதற்காகச் சொல்ல வேண்டும். நீராயி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "அண்ணே, உன் மடியில வச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதே! நீ வந்திருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காதே!" என்று அவன் நெஞ்சில் முகத்தை வைத்து அழுதாள். அது உண்மை. அவன் மடியில் தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது. அவள் முகத்தை எடுத்தபோது அவன் நெஞ்சில் ஈரத்தின் தடமே இல்லை. முத்து முத்தாய் உருண்டு கீழே விழுந்துவிட்டது. அவன் தோட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு, வந்த மாதிரியே பளபளவென்று மலை ஏறிப் போனான்.

கடைசியில் இரும்பன் ஒருவன்தான் இருந்தான். அவன் வெந்த கையோடு வந்து அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தான். இரவும் பகலுமாய் அவன் நெஞ்சில் கிடந்தது இரண்டு நாள் கழித்து வாய்க்கு வந்துவிட்டது.

"தங்கச்சி, எண்ணெயைத் துடைச்சது நான்தான். எண்ணெய்த் தலையோட நின்னா பிள்ளைங்களுக்கு ஆகாதுன்னு நான்தான் சொன்னேன். என் கையாலதான் தேய்ச்சேன்."

நீராயி அவனைப் பார்த்தாள். அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ சொல்லக் கூடாததைச் சொன்னே" என்றாள். "நான் சொல்ல வேண்டியதைச் சொல்லல. இருபது வருஷமா தினம் ரெண்டு வேளை எண்ணெய் தேய்ச்சேனே, ஒரு வேளை சொல்லியிருந்தா போதுமே. யாரை யாரு போகச் சொல்றது?"

அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அவள் சாய்ந்த இடம் சிவந்தது. அவன் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. மறுநாள் அந்தச் சிவப்பு கை வரைக்கும் வந்தது. தோல் செதில் செதிலாய் உரிந்து விழுந்தது.

"போயிடுண்ணே" என்றாள் நீராயி. "என்கூட இருந்தா நீயும் போயிடுவே. எனக்கு யாருமே மிஞ்ச மாட்டீங்க."

"பதினாறு நாள் ஆகட்டும்."

பதினாறு நாள் ஆனது. அவளுக்கு அழுகை நிற்கவில்லை. அவனுக்கும் எழுந்திருக்க மனசு வரவில்லை. முப்பது நாள் ஆனது, வருஷம் ஆனது. மலையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டுப் பார்த்தது. எழுந்திருக்க முடியாதபடி முட்டி அரித்துப்போயிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாய் உதிர்ந்து, அவள் காலடியிலேயே செம்மண்ணாய்ப் படிந்தான்.

இப்போதும் இரும்பு எங்கே கிடந்தாலும், அது அரிவாளோ கதவுத் தாழ்ப்பாளோ, ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து சாய்ந்தால் போதும், சிவந்துபோய்த் துக்கத்துக்கு உட்கார்ந்துவிடுகிறது. அன்றைக்கு நீராயி பக்கத்தில் உட்கார்ந்த நாள் முதலாய் அதற்கு அந்தப் பழக்கம். உதிர்ந்து மண்ணாகிறவரைக்கும் அது எழுந்திருப்பதில்லை.